டிராயிங்கில் இருக்கும் புரியாத பினிஷ் எண்ணைத் தேடிப் பிடிக்கும் வழி

வியாசர்பாடி தொழிற்பேட்டையிலோ, மாதவரத்திலோ, திருவொற்றியூரிலோ ஒரு மெஷின் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு ஒரு டிராயிங் வருகிறது. அளவுகள் புரிகின்றன, டாலரன்ஸ் புரிகிறது, மெட்டீரியல் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்). நோட்ஸ் பகுதியின் கடைசியில் பினிஷ், அதாவது மேற்பரப்பில் போட வேண்டிய பூச்சு பற்றிய ஒரு வரி மட்டும் முழிக்க வைக்கிறது: "பினிஷ்: கியூகியூ-இசட்-325, டைப் 2, கிளாஸ் 3". பிளேட்டிங் கடைக்குப் போன் போட்டால், "எல்லோவா ஒயிட்டா, அதை மட்டும் சொல்லுங்க சார்" என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் நிறம் மட்டுமா இருக்கிறது? பூச்சு எத்தனை மைக்ரான் தடிமன், அதன் மேலே என்ன பாசிவேஷன் (துருவைத் தடுக்கும் மெல்லிய ரசாயனப் படலம்), பிளேட்டிங் முடிந்ததும் அடுப்பில் வைக்க வேண்டுமா, எதை வைத்து ஏற்பது, எதை வைத்துத் தள்ளுவது என்று எல்லாமே அதில் அடக்கம். நிறத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் மற்றதையெல்லாம் பிளேட்டிங் கடைக்காரர் தன் வழக்கப்படி தீர்மானித்துவிடுவார்.

அப்படிப்பட்ட எண் ஒன்றை எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிப் படிப்பது, கடைக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்பதற்கான வழிகாட்டி இது. அடிப்படை விதி ஒன்றுதான்: எண்ணைத் தேடும் முன் டிராயிங்கின் பூர்வீகத்தைத் தேடுங்கள். எந்த நாட்டில், எந்தக் காலத்தில், யாருக்காகப் போட்ட டிராயிங் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டிராயிங்கை முழுசாகப் படியுங்கள்

பினிஷ் எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. டைட்டில் பிளாக்கில் பினிஷ் என்றே ஒரு கட்டம் இருக்கலாம். நோட்ஸில் இருக்கலாம். பாகத்தின் மேல் கொடி போன்ற ஒரு சின்னத்துக்குள் வெறும் எண் இருந்தால், அதே எண்ணுள்ள நோட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பினிஷ் அந்த ஒரு முகத்துக்கு மட்டும்தான். பார்ட்ஸ் லிஸ்டின் கடைசிப் பத்தியிலும் ஒளிந்திருக்கும். "அடுத்த அசெம்பிளி" என்ற கட்டத்தில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பாகங்களுக்கு வெல்டிங் முடிந்த பிறகுதான் பினிஷ் வரும், அதனால் அந்த விவரம் அசெம்பிளி டிராயிங்கில்தான் இருக்கும்.

அடுத்து, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்று வந்த தாளில் 3, 8, பி மூன்றும் ஒன்றாகத் தெரியும். ரோமன் எண்ணில் 2 என்று எழுதியது 11 போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் பார்ட்டியிடம் மூல பிடிஎஃப் கேளுங்கள். தப்பாகப் படித்த எண்ணை நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதைவிட மோசம், தப்பான எண் வேறொரு நிஜமான ஸ்பெசிஃபிகேஷனாக இருந்து, அதன்படியே வேலை நடந்துவிடுவது.

ரிவிஷன் கட்டத்தையும் விடாதீர்கள். பினிஷ் மாற்றம் அங்கே ஒரு வரியாக இருக்கும், நோட்ஸில் பழையதே அடிக்காமல் கிடக்கும்.

முன்னெழுத்தை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது

கியூகியூ, டிடி என்று ஆரம்பித்தால் அமெரிக்க ஃபெடரல் ஸ்பெசிஃபிகேஷன். மில் என்று இருந்தால் அமெரிக்க ராணுவத்துடையது. ஏஎம்எஸ் விமானத் துறைக்கானது. டெஃப் ஸ்டான், டிடிடி, பிஎஸ் மூன்றும் பிரிட்டன். டின் ஜெர்மனி, ஜிஸ் ஜப்பான், கோஸ்ட் ரஷ்யா. ஐஎஸ் நம் நாட்டினுடையது, ஜேஎஸ்எஸ் நம் முப்படைகளுக்கான பொது ஸ்பெசிஃபிகேஷன். ஐஆர்எஸ் ரயில்வேயினுடையது, அதில் அடுத்து வரும் எழுத்து எம் என்றால் உலோகம், பி என்றால் பெயின்ட். பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வேலை எடுக்கும் ஷாப்களுக்கு, ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான லக்னோ ஆர்டிஎஸ்ஓ-வின் ஸ்பெசிஃபிகேஷன்களும் ஐசிஎஃப்-இன் சொந்த எண்களும் அடிக்கடி வரும். அவை டெண்டர் ஆவணத்திலேயே இணைப்பாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கலாம்.

அமெரிக்க டிராயிங்கில் இன்னொரு துப்பு உண்டு. டைட்டில் பிளாக்கில் கேஜ் கோடு என்று ஐந்து இலக்கக் குறியீடு இருக்கும்; பழைய டிராயிங்கில் அதையே எஃப்எஸ்சிஎம் என்று போட்டிருப்பார்கள். டிராயிங்குக்குச் சொந்தக்கார கம்பெனி எது என்று அது சொல்லும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனி கைமாறிப் பெயர் மாறியிருந்தாலும் இந்தக் கோடு வழியாகத் தடம் பிடிக்க முடியும்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் உதிரிபாக வேலைகள் சில வடசென்னை ஷாப்களுக்கும் வருவதுண்டு. டி-72, டி-90 இரண்டும் ரஷ்ய வடிவமைப்பு என்பதால் பினிஷும் கோஸ்ட் முறையில் இருக்கும். கோஸ்ட் 9.306 என்ற தரம்தான் அந்தக் குறியீடுகளுக்கு அகராதி. துத்தநாகத்துக்கான ரஷ்ய எழுத்து, ஆங்கில யு எழுத்தின் அடியில் சின்ன வால் வைத்த மாதிரி இருக்கும். அதற்குப் பின் 9 என்றால் 9 மைக்ரான், அதற்குப் பின் புள்ளி வைத்து எக்ஸ், பி போலத் தெரியும் இரண்டு எழுத்துகள் குரோமேட் பாசிவேஷனைக் குறிக்கும். இங்கே மறுபடி தட்டச்சு செய்யும்போது இது "யு9.எக்ஸ்பி" ஆகிவிடும். அதைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ரஷ்யப் பூர்வீகம் தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை.

எந்த முன்னெழுத்தும் பொருந்தவில்லையா? அது கம்பெனியின் உள் ஸ்பெசிஃபிகேஷன். பெரிய வாகனக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் சொந்த எண் உண்டு. இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பொதுவில் கிடைத்தாலும் அது எந்த ரிவிஷன் என்று தெரியாது. வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும்.

சில சமயம் எண்ணே இல்லாமல் ஒரு வியாபாரப் பெயர் மட்டும் இருக்கும். அலோடைன், இரிடைட், அலோக்ரோம் 1200 எல்லாம் அலுமினியத்தின் மேல் போடும் குரோமேட் பூச்சு வகைகள். பார்கரைசிங், வால்டரைசிங் இரண்டும் பாஸ்பேட்டிங். கானிஜென் என்றால் எலக்ட்ரோலெஸ் நிக்கல், அதாவது மின்சாரம் இல்லாமல் படிய வைக்கும் நிக்கல். டஃப்ட்ரைட் பூச்சே இல்லை, உப்புக் குளியலில் செய்யும் நைட்ரோகார்புரைசிங். பிளேட்டிங் கடையில் கேட்காமல் ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் கேட்க வேண்டும்.

எங்கே தேடுவது

அமெரிக்க மில், ஃபெடரல் ஆவணங்களுக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அசிஸ்ட் குயிக்சர்ச் தளம் போதும். இலவசம், பதிவு தேவையில்லை. ரத்தான ஆவணங்களும் அங்கேயே கிடைக்கும். மிக முக்கியமாக, ரத்து அறிவிப்பு என்று ஒரு பக்கத் தாள் தனியாக இருக்கும். இதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும். பழைய ஸ்பெசிஃபிகேஷனை மட்டும் இறக்கிக்கொண்டு அந்தத் தாளை விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

மில் எண்களில் நடு எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடுங்கள். பழைய முறையில் நடு எழுத்து தலைப்பின் முதல் எழுத்து. அனோடிக் என்பதற்கு ஏ, பாஸ்பேட் என்பதற்கு பி. பிறகு அவற்றில் பலவற்றை டிடிஎல், பிஆர்எஃப் என்று மாற்றிவிட்டார்கள். மில்-சி-5541 இப்போது மில்-டிடிஎல்-5541. மில்-பி-16232 இப்போது மில்-டிடிஎல்-16232. எண் மாறவில்லை.

இந்தியத் தரங்களுக்கு பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால், நம் நாட்டிலேயே உருவாக்கிய தரங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நேரில் போய்க் கேட்க தரமணியில் அலுவலகம் இருக்கிறது. அடிக்கடி வேலைக்கு வருபவை இவை: துத்தநாகத்துக்கு ஐஎஸ் 1573, கேட்மியத்துக்கு 1572, நிக்கல்-குரோமுக்கு 1068, அனோடைசிங்குக்கு 1868, பாஸ்பேட்டிங்குக்கு 3618, ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு 4759, பெயின்ட் ஷேடுக்கு ஐஎஸ் 5. தரத்தின் மேல் 1986 என்று இருந்தால் காலாவதி என்று முடிவு கட்டாதீர்கள். அதை மறு உறுதி செய்திருக்கிறார்களா, திருத்தத் தாள்கள் வந்திருக்கின்றனவா, விலக்கிக்கொண்டார்களா என்பதைத் தளத்திலேயே பார்க்கலாம்.

ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு ஒன்றின் தரங்கள்), ஏஎம்எஸ், ஐஎஸ்ஓ எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வாங்கும் முன் ஐஎஸ்ஓ தளத்தில் தரத்தின் எல்லை, சொல் விளக்கம் ஆகிய பகுதிகளை இலவசமாகப் படித்து, இதுதான் நமக்கு வேண்டியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் பிரதியை நம்பி வேலை செய்யாதீர்கள். திருத்தத் தாளும் கடைசி அட்டவணையும் அதில் பெரும்பாலும் இருக்காது.

கிடைத்ததைப் படிப்பது: இங்கேதான் கவனம் வேண்டும்

முதலில் சொன்ன கியூகியூ-இசட்-325-ஐ எடுத்துக்கொள்வோம். அது துத்தநாக (ஜிங்க்) பிளேட்டிங்குக்கான ஸ்பெசிஃபிகேஷன். அது ரத்தாகிவிட்டது, அதன் இடத்தில் ஏஎஸ்டிஎம் பி633. உடனே பழைய "டைப் 2, கிளாஸ் 3" என்பதை அப்படியே புதியதில் பொருத்தத் தோன்றும். அப்படிச் செய்தால் வேலை கெட்டது.

பழையதில் கிளாஸ் 1 தான் தடிமன், 25 மைக்ரான். கிளாஸ் 2 என்றால் 13, கிளாஸ் 3 என்றால் 5. புதியதில் கிளாஸுக்குப் பதில் எஸ்சி எண், வரிசையும் தலைகீழ்: எஸ்சி1 என்றால் 5 மைக்ரான், எஸ்சி2 8, எஸ்சி3 12, எஸ்சி4 25. ஆக பழைய கிளாஸ் 3-க்கு இணை எஸ்சி1. டைப்பிலும் இதே பொறி. பழையதில் டைப் 3 பாஸ்பேட், புதியதில் டைப் 3 நிறமற்ற குரோமேட். டைப் 2 மட்டும் இரண்டிலும் குரோமேட்தான். ஆனால் புதியதில் அது நிறமுள்ள குரோமேட் என்று கட்டாயம், அதற்கு 96 மணி நேரம் உப்புத் தெளிப்புச் சோதனை (உப்புநீரைத் தெளித்துத் துருவைப் பார்க்கும் சோதனை) தாங்க வேண்டும்.

தப்பாகப் பொருத்தினால் என்ன ஆகும்? பாகத்தில் எம்8 மரை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், பிட்ச் 1.25, டாலரன்ஸ் 6ஜி. 60 டிகிரி மரையில் பூச்சின் தடிமனைப் போல நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (மரையின் நடு விட்டம்) கூடும். 6ஜி இந்த மரைக்கு விட்டிருக்கும் இடம் 28 மைக்ரான். 5 மைக்ரான் பூச்சு என்றால் 20 மைக்ரான் கூடும், கோ கேஜ் (மரையைச் சோதிக்கும் கேஜ்) ஏறிவிடும். எஸ்சி3 என்று நினைத்து 12 மைக்ரான் போட்டுவிட்டால் 48 கூடும். மரையை மேல் எல்லையில் வெட்டியிருந்தால் கேஜ் ஏறாது, மொத்த லாட்டும் ரிஜெக்ஷன். பூச்சை உரித்து மறுபடி போடலாம் என்றாலும் ஆசிட் மரையின் முனையைத் தின்னும், உறுதி மிகுந்த ஸ்டீல் என்றால் ஹைட்ரஜனும் உள்ளே போகும்.

அந்த ஹைட்ரஜன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிட் பிக்ளிங்கிலும் (அமிலத்தில் முக்கித் துருவை நீக்குவதிலும்) பிளேட்டிங் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான ஸ்டீலுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு போல்ட்டை முறுக்கி வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தலை தெறிக்கும். 12.9 கிரேடு போல்ட், ஸ்பிரிங், கடினமாக்கிய பின்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் பேக்கிங் (அடுப்பில் வைத்துச் சூடாக்குவது, சரக்கைக் கட்டுவது இல்லை) என்று ஒரு வரி ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கும்: பிளேட்டிங் முடிந்து சாதாரணமாக 4 மணி நேரத்துக்குள், 190 முதல் 220 டிகிரியில், உறுதியைப் பொறுத்துப் பல மணி நேரம். குரோமேட் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். போட்ட பிறகு அடுப்பில் வைத்தால் குரோமேட் படலம் வெடித்துப் பாதுகாப்பு போய்விடும். பிளேட்டிங் கடையில் அடுப்பு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். மூலக்கடையில் பிளேட்டிங் செய்து அம்பத்தூரில் பேக்கிங் என்று பிரித்தால், லாரியில் ஏறி இறங்குவதற்குள் அந்த 4 மணி நேரம் போய்விடும்.

அலுமினிய அனோடைசிங்குக்கு மில்-ஏ-8625 என்று வந்தால்: டைப் 2 சாதாரண சல்ஃப்யூரிக், டைப் 3 ஹார்ட். கிளாஸ் 1 சாயம் இல்லாதது, கிளாஸ் 2 சாயம் போட்டது. டைப் 3-க்கு தடிமன் குறிப்பிடாவிட்டால் 50 மைக்ரான் என்பது வழக்கம். அதில் ஏறக்குறைய பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும், அதாவது ஷாஃப்ட் விட்டம் 50 மைக்ரான் கூடும். டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்னா பின்னா என்று கேட்காமல் மெஷினில் ஏற்றாதீர்கள்.

கருப்பு ஆக்சைடுக்கு மில்-டிடிஎல்-13924. கிளாஸ் 1 கார்பன் ஸ்டீலுக்கு, கிளாஸ் 4 300 வரிசை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு. நம் பக்கத்துப் பிளாக்கடைசிங் தொட்டிகள் பெரும்பாலும் கார்பன் ஸ்டீலுக்கானவை. அதில் 304 பாகத்தை முக்கினால் கருக்காது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு கியூகியூ-பி-35 பாசிவேஷன் என்று வந்தாலும் அதே கவனம் வேண்டும். அது நைட்ரிக் அமிலத்தில் செய்யும் வேலை, இப்போது ஏஎஸ்டிஎம் ஏ967 அல்லது ஏஎம்எஸ் 2700. பிளேட்டிங் கடையில் வெறுமனே பாசிவேஷன் என்று சொன்னால் ஜிங்க் மேல் போடும் குரோமேட் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஜெர்மன் டிராயிங்கில் போல்ட் பெயருக்குப் பின் ஏ2சி, ஏ3எல் என்று மூன்றெழுத்து வந்தால்: ஏ துத்தநாகம், 2 என்றால் 5 மைக்ரான், 3 என்றால் 8. சி மங்கலான மஞ்சள் வானவில் நிறம், எல் பளபளப்பான மஞ்சள், கே பளபளப்பான நீலம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் ஏ2, ஏ4 கிரேடோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயின்ட் ஷேடில் 537, 631, 632 போன்ற மூன்றிலக்க எண் வந்தால் ஐஎஸ் 5 அல்லது பிஎஸ் 381சி. இரண்டுக்கும் பல எண்கள் பொது. ஐந்திலக்க எண் என்றால் அமெரிக்க 595 வரிசை. முதல் இலக்கம் 1 பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 மங்கல். நான்கிலக்கம் என்றால் பெரும்பாலும் ரால் என்ற ஐரோப்பிய நிற வரிசை.

பினிஷ் என்ற சொல்லில் மேற்பரப்புச் சொரசொரப்பும் வரும் என்பதால் ஒரு எச்சரிக்கை. பழைய முக்கோணக் குறி நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானிய முறையில் இரண்டு முக்கோணம் ஏறக்குறைய 6.3 மைக்ரான், நம் பாடப்புத்தக முறையில் 1.6 முதல் 8 வரை. சோவியத் டிராயிங்கில் ஒரு முக்கோணமும் பக்கத்தில் 6 என்ற எண்ணும் இருந்தால் 2.5 மைக்ரான். அமெரிக்க டிராயிங்கில் வெறுமனே 63 என்று இருந்தால் அது மைக்ரோ இஞ்ச், நமக்கு 1.6 மைக்ரான்.

பார்ட்டியிடம் எழுதிக் கேட்பது

எல்லாம் புரிந்துவிட்டாலும் நீங்களாக மாற்றிப் போட உங்களுக்கு உரிமை இல்லை. ரத்தான எண்ணுக்கு இணையானது எது என்று நீங்கள் கண்டுபிடித்ததை வாங்குபவரின் டிசைன் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும். பர்சேஸ் ஆள் போனில் "போடுங்க, பரவாயில்லை" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது.

மெயிலில் "இந்த ஸ்பெக் என்ன சார்?" என்று கேட்டால் பதில் வராது. பாக எண், ரிவிஷன், நோட் எண் மூன்றையும் எழுதுங்கள். இந்த எண் ரத்து, ரத்து அறிவிப்பு இணைத்திருக்கிறேன், அதன்படி இணை ஏஎஸ்டிஎம் பி633, 5 மைக்ரான், டைப் 2, இதற்கு ஒப்புதல் வேண்டும் என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்வி இருந்தால்தான் வேலை நகரும். பாகம் ஐரோப்பாவுக்குப் போகும் மின்னணுச் சாதனத்தில் சேருமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். அங்கே 2006 ஜூலை முதல் ரோஸ் விதி (ஆபத்தான பொருட்களுக்கான கட்டுப்பாடு) நடைமுறையில் இருக்கிறது: ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 சதவீதத்துக்கு மேலும், கேட்மியம் 0.01 சதவீதத்துக்கு மேலும் கூடாது. அப்படியென்றால் டைப் 2-க்குப் பதில் மூன்று இணைதிறன் குரோமியத்தில் செய்யும் டைப் 6 வேண்டியிருக்கும்.

கேட்மியம் கேட்ட இடத்தில் ஜிங்க் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கேட்மியம் பூசிய போல்ட்டில் உராய்வு குறைவு. அதே டார்க்கில் முறுக்கினால் ஜிங்க் போல்ட்டில் இறுக்கம் வேறு. அலுமினியத்தோடு சேரும்போதும் இரண்டின் நடத்தை வேறு. அதை டிசைன் பிரிவுதான் முடிவு செய்ய வேண்டும்.

பிளேட்டிங் கடைக்கு எழுதிக் கொடுப்பது

டெலிவரி சலானில் "ஜிங்க் எல்லோ, 200 நம்பர்" என்று மட்டும் போகக் கூடாது. பாகத்தின் மெட்டீரியல், கடினம், ஸ்பெசிஃபிகேஷன் எண், குறைந்தபட்ச மைக்ரான், அதிகபட்ச மைக்ரான், பாசிவேஷன் வகை, நிறம், பேக்கிங் உண்டா, எங்கே மாஸ்க் செய்ய (பூச்சு படாமல் மூட) வேண்டும், எந்தச் சோதனைக்கு எத்தனை மாதிரி என்று எழுதுங்கள். அதிகபட்சத்தை எழுத மறந்தால் மூலைகளில் இரண்டு மடங்கு ஏறியிருக்கும், கேட்க முடியாது.

எங்கே அளப்பது என்பதையும் குறியுங்கள். மின்சாரம் மூலையில் குவியும், குழியில் போகாது. அதனால்தான் பி633, 20 மில்லிமீட்டர் குண்டு தொடக்கூடிய பரப்பைத்தான் தடிமனுக்குக் கணக்கில் எடுக்கிறது. ஆழமான துளைக்குள்ளும் பூச்சு வேண்டுமென்றால் டிராயிங்கில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சரக்கு வந்ததும் காந்தவகைத் தடிமன் மீட்டரில் நீங்களே அளந்து பாருங்கள். பூச்சில்லாத அதே பாகத்தில் மீட்டரை ஜீரோ செய்துகொள்ளாமல் சின்ன வளைவில் அளந்தால் தப்பாகக் காட்டும். குரோமேட் படலம் காய ஒரு நாள் விடுங்கள். அதற்குள் விரலால் தேய்த்தால் உரியும், உப்புத் தெளிப்புக்கு அனுப்பினாலும் தோற்கும். எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் கடற்காற்றில் இருக்கும் ஷாப்கள், அக்டோபர் முதல் டிசம்பர் மழையில் ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வெள்ளைத் துரு பூத்துவிடும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டுங்கள், தரையில் வைக்காமல் பேலட் மேல் வைத்துவிடுங்கள்.

பதிலே வராத பார்ட்டிகளும் உண்டு. கொட்டேஷன் கொடுத்தாக வேண்டும் என்றால் விலைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "பினிஷ் விலை ஏஎஸ்டிஎம் பி633, 5 மைக்ரான், டைப் 2 என்ற அடிப்படையில், மாறினால் விலை மாறும், எழுத்து ஒப்புதல் இல்லாமல் பிளேட்டிங் தொடங்காது". ஆர்டர் வந்தாலும் அந்த ஒப்புதல் வரும்வரை பாகத்தை மெஷினிங்கோடு நிறுத்தி, எண்ணெய் தடவி வைத்திருங்கள்.